ராதிகாவின் ஒன்பதரை மணி

1997 ஜூனில் ‘சூர்யவம்சம்’ வெளியானபோது ராதிகாவுக்கு 34 வயது. சரத்குமாருக்கு அதில் இரட்டை வேடம். அப்பா சரத்குமாருக்கு மனைவி, மகன் சரத்குமாருக்கு அம்மா, இரண்டும் ராதிகாதான். சரத்குமார் பிறந்தது 1954இல், ராதிகா 1962இல். தன்னைவிட எட்டு வயது மூத்த மனிதரைப் பிள்ளையாக வைத்துக்கொண்டு படம் முழுக்க வந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு ‘பசும்பொன்’னில் பிரபுவுக்கு அம்மா. பிரபுவும் அவரைவிட மூத்தவர்தான்.

யாருக்கும் இது உறுத்தவில்லை. எனக்கும் அப்போது உறுத்தவில்லை. இன்று அந்தப் படங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அம்மா வேடத்தில் தவறேதும் இல்லை. ஆனால் அதே 34 வயதில் ஒரு நடிகருக்குக் கல்லூரி மாணவன் வேடம் தருவார்கள். நடிகைக்குக் கல்யாண வயதில் ஒரு பிள்ளையைத் தருவார்கள். ராதிகாவுக்கு இது இன்னும் சீக்கிரமே தொடங்கிவிட்டது. 1984இல் வந்த ‘நல்லவனுக்கு நல்லவன்’ பாருங்கள். ரஜினியின் மனைவியாக இளமையில் தொடங்கி, பிற்பாதியில் வளர்ந்த பெண்ணுக்குத் தாயாகிவிடுவார். அப்போது நிஜத்தில் அவருக்கு 22 வயது. ரஜினிக்கும் அந்தப் படத்தில் வயதாகிறது, உண்மைதான். ஆனால் அடுத்த படத்தில் அவர் மறுபடி இளைஞர்.

‘சூர்யவம்சம்’ வந்து இரண்டரை வருடம் கழித்து, 1999 டிசம்பர் 20ஆம் தேதி, சன் டிவியில் இரவு ஒன்பதரை மணிக்கு ‘சித்தி’ தொடர் தொடங்கியது. கதாநாயகி ராதிகா. வயது 37. ‘அம்மாவாகப் போட்டுவிடலாம்’ என்று சினிமா முடிவு கட்டிய அதே முகத்தை, அடுத்த இரண்டு வருடம் தமிழ்நாடு கதாநாயகியாகப் பார்த்தது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய இருபது வருடம் பார்த்தது. ராதிகாவைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக எனக்கிருந்த ஆசைக்கு இதுதான் காரணம். சின்னத்திரைக்கு ‘வந்துவிட்டார்’ என்று சொல்வார்கள், ஏதோ ஓய்வெடுக்கப் போனவரைச் சொல்வதுபோல. அவர் ஓய்வெடுக்கப் போகவில்லை. சினிமா பறித்துக்கொண்ட வயதைத் திரும்ப வாங்கப் போனார், அதுவும் சொந்தப் பணத்தைப் போட்டு.

கொஞ்சம் முன்னால் போகிறேன்.

எம்.ஆர். ராதாவின் மகள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அந்த வீட்டில் வளர்வது எப்படி இருந்திருக்கும் என்று பெரிதாக யாரும் யோசிப்பதில்லை. 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது ராதிகாவுக்கு நான்கு வயது. அந்த வழக்கில் அப்பா சிறைக்குப் போனார். மகள் படித்தது இந்தியாவில் கொஞ்சம், இலங்கையில் கொஞ்சம், இங்கிலாந்தில் கொஞ்சம். நாடகமும் சினிமாவும் ரத்தத்தில் இருந்திருக்கலாம், ஆனால் கிராமத்துத் தமிழ் அந்தப் பெண்ணின் நாக்கில் இருக்க வாய்ப்பே இல்லை. அவரைத்தான் பாரதிராஜா தன் இரண்டாவது படமான ‘கிழக்கே போகும் ரயில்’ படத்துக்குப் பாஞ்சாலியாகத் தேர்ந்தெடுத்தார். 1978 ஆகஸ்டில் படம் வந்தது. ராதிகாவுக்குப் பதினாறு நிறையவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் எம்.ஆர். ராதா காலமானார்.

அந்தப் படத்தில் ஊரைவிட்டுப் போன பரஞ்சோதி, ரயிலின் கடைசிப் பெட்டியில் தன் சேதியை எழுதி அனுப்புவான். பாஞ்சாலி தினமும் தண்டவாளத்தருகே வந்து நிற்பாள். ரயில் கடந்துபோகும், கடைசிப் பெட்டி வரும், அவள் கண்கள் எழுத்தைத் தேடும். வசனமே இல்லாத இடம். முதல் படத்திலேயே, காத்திருக்கும் முகத்தைக் கேமராவுக்குக் கொடுக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. கவனித்துப் பார்த்தால், பின்னாளில் ஆயிரக்கணக்கான எபிசோடுகளைத் தாங்கியதும் அந்தக் காத்திருக்கும் முகம்தான்.

எண்பதுகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘போக்கிரி ராஜா’, ‘மூன்று முகம்’, ‘ஊர்க்காவலன்’ என்று பெரிய நாயகர்களுடன் நிறையப் படங்கள். பலவற்றில் அவருக்குப் பெரிதாக வேலை இல்லை. மகேந்திரனின் ‘மெட்டி’ மாதிரி சிலவற்றில் இருந்தது. தெலுங்கில்தான் அவருக்கு முதலில் முழு இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன். 1981இல் வந்த ‘நியாயம் காவாலி’யில், தன்னை ஏமாற்றியவனை நீதிமன்றத்துக்கு இழுக்கும் பெண். ஏமாற்றுகிறவர் சிரஞ்சீவி. அதைத்தான் பிறகு தமிழில் ‘விதி’யாக எடுத்தார்கள், அதில் பூர்ணிமா நடித்தார்.

1986இல் கே. விஸ்வநாத்தின் ‘ஸ்வாதி முத்யம்’. நம்மூரில் ‘சிப்பிக்குள் முத்து’ என்று ஓடியது. சின்ன மகனோடு புகுந்த வீட்டாரால் கைவிடப்பட்ட விதவை லலிதா. மனவளர்ச்சி குன்றிய சிவய்யாவாகக் கமல். கோயிலில் சீதா கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் சிவய்யா தாலியை எடுத்து லலிதாவின் கழுத்தில் கட்டிவிடுவான். அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கமலைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு ராதிகாவின் முகம்தான் மனதில் நிற்கிறது. மகிழ்ச்சியா, அவமானமா, பயமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க நேரமில்லை. அடுத்த காட்சிகளிலும் நன்றியுணர்ச்சி பொங்கும் பெண்ணாக அவர் அவளை ஆக்கவில்லை. தன்னைக் கேட்காமல் தன் வாழ்க்கை மாற்றப்பட்டதன் அதிர்ச்சியைக் கொஞ்ச காலம் தூக்கிச் சுமக்கிறார். அதற்குப் பிறகுதான் அன்பு வருகிறது. 23 வயது நடிகை இதைச் செய்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1990இல் வசந்தின் முதல் படமான ‘கேளடி கண்மணி’. எஸ்.பி. பாலசுப்ரமணியம் கதாநாயகன். மனைவியை இழந்து ஒரு சிறு மகளோடு இருக்கும் மனிதர். ராதிகா பள்ளி ஆசிரியை, காது கேளாத, வாய் பேச இயலாத பெற்றோரின் மகள். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிடுகிறது. அந்தச் சிறுமிக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்காக விலகிப் போகிறார்கள். ‘சித்தி’யின் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, அதைத் தேடவும் இல்லை. ஆனால் ரசிகையாக நான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத்தான் பார்க்கிறேன். படத்தில் அந்தக் குழந்தையின் வாசலோடு நின்றுபோன பெண்ணை, ஒன்பது வருடம் கழித்துத் தொடர் வீட்டுக்குள் அழைத்துவந்தது. உள்ளே வந்த பிறகு என்ன ஆகும் என்று சொல்ல ஒரு சினிமாவுக்கு நேரம் போதாது. தினமும் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், இரண்டு வருடம் வேண்டும்.

சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரலில். அடுத்த சில வருடங்களில் கேபிள் டிவி தெருத்தெருவாக வந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் ராதிகா ‘ராடான்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அது பிறகு ராடான் மீடியாவொர்க்ஸ் ஆகி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாகவும் ஆனது. தயாரிப்பு அவருக்குப் புதிதில்லை. எண்பதுகளிலேயே பிரதாப் போத்தன் இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’யைத் தயாரித்து, அது சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கான இந்திரா காந்தி தேசிய விருதைப் பெற்றது.

தொடர்களை வைத்து அந்தக் காலத்தில் எப்படிச் சம்பாதித்தார்கள் என்பது தெரியாவிட்டால் ராதிகா செய்ததன் கனம் விளங்காது. சேனல் பணம் கொடுத்துத் தொடர் எடுக்கச் சொல்வது ஒரு முறை. இன்னொரு முறையில், தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி அந்த அரைமணி நேரத்தை, அதாவது ஸ்லாட்டை, எடுத்துக்கொள்வார். படப்பிடிப்புச் செலவும் அவருடையது. பதிலுக்கு அந்த நேரத்தில் வரும் விளம்பர நொடிகளில் குறிப்பிட்ட அளவை அவரே விற்றுக்கொள்ளலாம். சோப்பு, தேயிலைத் தூள், நகைக்கடை, பாத்திரக்கடை என்று விளம்பரம் பிடித்தால் லாபம். டிஆர்பி, அதாவது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, சரிந்தால் விளம்பர விலையும் சரியும், ஸ்லாட் கட்டணம் மட்டும் அப்படியே நிற்கும். இதில் கதாநாயகியும் தயாரிப்பாளரும் ஒரே ஆள் என்றால் என்ன அர்த்தம்? காலையில் மேக்கப் போட்டு அழுகிறவர், சாயங்காலம் விளம்பரக் கணக்கைப் பார்க்கிறவர். நாளைய காட்சி எழுதியாகிவிட்டதா, துணை நடிகரின் கால்ஷீட் கிடைத்ததா, டேப் நேரத்துக்குப் போய்ச் சேருமா என்று எல்லாம் அவர் தலையில். தினத்தொடரில் ஒரு நாள் தள்ளிப்போடுவது என்ற பேச்சே கிடையாது. சினிமாவில் ரிலீஸ் தேதி மாறும், ஒன்பதரை மணி மாறாது.

‘சித்தி’யை இயக்கியவர் சி.ஜே. பாஸ்கர். ராதிகாவுக்கு ஜோடி சிவகுமார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துப் பேர் வாங்கியவர் சின்னத்திரைக்கு வந்து, மனைவியை இழந்த தகப்பனாக நடித்தார். இரண்டு பேரும் சினிமாவிலிருந்து கொண்டுவந்த மரியாதை தொடருக்குப் பெரிய பலம். வீட்டில் பெரியவர்கள் ‘சீரியல்’ என்று ஒதுக்காமல் உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். அந்த வருடங்களில் ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே எதிர்வீட்டு அக்கா வந்துவிடுவார். அவர்கள் வீட்டிலும் டிவி இருந்தது, ஆனாலும் இங்கேதான் பார்ப்பார். அவர் இரண்டாம் தாரமாக வந்தவர். மூத்தாளுக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவள் என் வகுப்பு. எங்கள் ஆச்சிக்குத் தொடர் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியாது.

“இவ ஏன் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கா? அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுபோச்சுல்லா.”

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “சொன்னா மட்டும் நம்பிருமாக்கும் ஆச்சி.”

ஆச்சி அதற்குப் பிறகு அன்றைக்கு எதுவும் பேசவில்லை. விளம்பரம் வந்ததும் எழுந்துபோய் அக்காவுக்கும் சேர்த்துப் பால் சுட வைத்துக் கொண்டுவந்தார். தொடர்களைப் பார்த்துப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று பேசும் கூட்டங்களில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண் தன் வீட்டில் பேச முடியாததை ஒருவர் தினமும் தனக்காக நடித்துக் காட்டுவதைப் பார்த்தார். அவர் கெட்டுப்போகவில்லை.

ராதிகாவின் நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் செய்வது. தினத்தொடரில் குளோசப்தான் முக்கியம். வசனம் பேசுகிறவரைவிடக் கேட்கிறவரின் ரியாக்‌ஷன் ஷாட் அதிக நேரம் திரையில் நிற்கும். அதனாலேயே பலர் புருவத்தைத் தூக்கி, கண்ணை உருட்டி, மூச்சை இழுத்து அந்த நொடிகளை நிரப்புவார்கள். ராதிகா பெரும்பாலும் எதையும் நிரப்புவதில்லை. கேட்பார். பதில் சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டு, வேறொன்றைச் சொல்வார். சொல்லாமல் விழுங்கியது என்ன என்று பார்க்கிறவருக்குத் தெரியும். அப்புறம் அந்தக் குரல், லேசாகக் கரகரத்த, அடித்தொண்டையிலிருந்து வரும் குரல். கோபப்படும்போது அதை உயர்த்தாமல் இறக்குவார். வீட்டில் அம்மா நிஜமாகவே கோபமாக இருக்கும்போது குரல் இறங்குமே, அதுதான்.

இந்தக் கலையின் உச்சத்தைச் சினிமாவில் பார்க்க வேண்டுமென்றால் 1992இல் தெலுங்கில் வந்த ‘ஸ்வாதி கிரணம்’ பார்க்க வேண்டும். மம்முட்டி பெரும் சங்கீத வித்வான், சின்னப் பையன் ஒருவனின் ஞானத்தைப் பார்த்துப் பொறாமையில் வேகிறவர். அவருடைய மனைவியாக ராதிகா. பிள்ளையில்லாத அந்தப் பெண் அந்தப் பையனைத் தன் பிள்ளையாக வரித்துக்கொள்கிறாள். கணவனின் மனதில் என்ன ஓடுகிறது என்பது மற்ற எல்லோருக்கும் முன்பே அவளுக்குப் புரிகிறது. புரிந்தும் சொல்ல முடியாமல் அவள் நிற்கும் காட்சிகள்தான் படத்தின் பயத்தைக் கூட்டுகின்றன. அடுத்த ஆண்டு ‘கிழக்குச் சீமையிலே’யில் விருமாயி. அண்ணன் விஜயகுமார், கணவன் நெப்போலியன், இரண்டு ஆண்களின் வீம்புக்கு நடுவில் ஒரு பெண். மதுரைப் பக்கத்துப் பேச்சை அவர் அதில் பேசும் லட்சணத்தைக் கேட்டால், லண்டனிலிருந்து வந்து பாஞ்சாலியாக நின்ற பெண்ணா இவர் என்று இருக்கும். பதினைந்து வருடத்தில் அந்த மண்ணின் மொழியைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டிருந்தார்.

‘சித்தி’ 2001 நவம்பரில் முடிந்தது. பிறகு ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’. ஒன்று முடிய அடுத்தது. ‘அரசி’யில் இரட்டை வேடம். ‘வாணி ராணி’யில் வக்கீல் வாணி, குடும்பத்தலைவி ராணி என்று இரட்டைச் சகோதரிகள். 2013இல் தொடங்கி 2018 கடைசி வரை, 1,700 எபிசோடுகளுக்கு மேல். அது தொடங்கியபோது அவருக்கு 50 வயது. தமிழ் சினிமாவில் 50 வயதுப் பெண்ணை நடுவில் வைத்து, அதுவும் இரட்டை வேடத்தில், ஐந்தாறு வருடம் விடாமல் கதை சொல்லுவார்களா? ‘சித்தி’ தெலுங்கில் ‘பின்னி’யாகப் போய், அங்கேயும் வீடு வீடாக நுழைந்தது.

இந்தத் தொடர்கள் எல்லாம் நன்றாக இருந்தன என்று நான் சொல்ல மாட்டேன். ‘அண்ணாமலை’ முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் ஓடியது. சொத்து, விஷம், ஆள் கடத்தல், கோர்ட்டு என்று எல்லாத் தொடர்களிலும் ஒரே சரக்கு சுற்றிச் சுற்றி வந்தது. நல்லவள் ஒருத்தி, அவளை அழிக்கத் துடிக்கும் இன்னொருத்தி என்ற கட்டமைப்பு பெண்களுக்கு நியாயம் செய்யவில்லை. வில்லிகள் ஏன் அப்படி ஆனார்கள் என்று ஒரு வாரமாவது உட்கார்ந்து சொல்லியிருக்கலாம், நேரம்தான் கொட்டிக் கிடந்ததே. ஸ்லாட் கட்டணமும் டிஆர்பியும் துரத்தும்போது கதை தன் போக்கில் போக முடியாது என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் குறை குறைதான். ராதிகா மாதிரி கதை அறிவும் அதிகாரமும் ஒரே கையில் இருந்த ஒருவரால்தான் அதை உடைத்திருக்க முடியும், அவர் இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சினிமா அவரைத் திரும்பக் கூப்பிட்டபோது நிலைமை மாறியிருந்தது. 2015இல் ‘நானும் ரௌடிதான்’ படத்தில் விஜய் சேதுபதியின் அம்மா, போலீஸ் இன்ஸ்பெக்டர் மீனாகுமாரி. அதே வருடம் ‘தங்கமகன்’, அடுத்த வருடம் ‘தெறி’, ‘தர்மதுரை’. மறுபடியும் அம்மாதான். ஆனால் இப்போது வயதும் வேடமும் பொருந்தின. மீனாகுமாரியை எழுதியவர்களுக்கு அம்மா என்றால் ஒரு ஓரத்தில் நின்று கண்ணைத் துடைப்பவள் என்ற நினைப்பு இல்லை. மகனைத் திட்டுகிறாள், வேலைக்குப் போகிறாள், சிரிக்க வைக்கிறாள். இருபது வருடம் தினமும் வீட்டுக்குள் வந்துபோன முகத்துக்கு ஒரு படத்தில் அறிமுகமே தேவைப்படவில்லை.

2019 கடைசியில் கலர்ஸ் தமிழில் ‘கோடீஸ்வரி’. போட்டியாளர்கள் அனைவரும் பெண்கள், தொகுத்து வழங்கியவர் ராதிகா. அதில் மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேச இயலாத ஒரு பெண் 1 கோடி ரூபாய் வென்றார். அந்த எபிசோடைத் தேடிப் பாருங்கள். கேள்வி கேட்பவராக இருந்தாலும் ராதிகா அங்கேயும் எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அவசரப்படுத்தாமல், பரிதாபப்படாமல். ‘கேளடி கண்மணி’ ஆசிரியை எனக்கு ஞாபகம் வந்தார்.

2020 ஜனவரியில் ‘சித்தி 2’. சில வாரங்களிலேயே கொரோனா வந்து படப்பிடிப்பு நின்றது. 2021 தொடக்கத்தில் ராதிகா அந்தத் தொடரிலிருந்து விலகினார். அவர் இல்லாமலே அது 2022 வரை ஓடியது. நான் அவர் விலகியதோடு நிறுத்திவிட்டேன், பலரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

தமிழின் சிறந்த நடிகைகளைப் பற்றி யாராவது எழுதும்போது ராதிகாவுக்குக் ‘கிழக்கே போகும் ரயில்’, ‘கேளடி கண்மணி’, ‘கிழக்குச் சீமையிலே’ என்று ஒரு பத்தி கொடுத்துவிட்டு, ‘பின்னர் சின்னத்திரையிலும் முத்திரை பதித்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அந்த ஒரு வரியில்தான். அவர் கேமரா முன் நின்ற நேரத்தைக் கணக்கெடுத்தால் சினிமா அதில் சிறு பங்குகூட வராது. தமிழ்ப் பெண்கள் அவரோடு கழித்த நேரமும் அப்படித்தான். ஒரு எபிசோடை எப்படி எழுதினார்கள், செட்டில் வசனம் எந்த நேரத்துக்கு வந்தது, டிஆர்பி பார்த்துக் கதையை எங்கே திருப்பினார்கள் என்பதையெல்லாம் அந்தத் தொடர்களில் வேலை பார்த்த எழுத்தாளர்களிடமும் கேமராமேன்களிடமும் எடிட்டர்களிடமும் யாராவது உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். சினிமாவுக்கு அப்படி எழுத ஆள் இருக்கிறது. தொடருக்கு இல்லை.

ராடானின் பழைய தொடர்கள் யூடியூபில் கிடைக்கின்றன. முழுக்கப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது, நானும் பார்க்கச் சொல்லவில்லை. ‘வாணி ராணி’யில் இரண்டு சகோதரிகளும் ஒரே அறையில் இருக்கும் காட்சி ஏதாவது ஒன்றைத் தேடி எடுங்கள். முதலில் சத்தத்தோடு பாருங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு, யார் வாணி, யார் ராணி என்று புடவையைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.